உதகையைத் தாண்டும் புரோகிராம் குன்னூரில் ஏன் நிற்கிறது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே சிக்கலில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும். கோத்தகிரி பக்கம் சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை எடுக்கும் இடத்தில் கணக்குப் பார்க்கிறீர்கள். புது லேப்டாப் வந்திருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்கள் ரசீதில் பெயர் தமிழில் வேண்டும் என்று கேட்டதால், அவர்கள் பெயர்களைக் கூகுள் ஷீட்டில் தமிழில் தட்டி, சிஎஸ்வி ஃபைலாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) இறக்கினீர்கள். எக்ஸெல்லில் திறந்தால் கிறுக்கல். மாதக் கணக்குப் போடும் பைத்தான் ஸ்கிரிப்டுக்குக் கொடுத்தால் 'சார்மேப்' என்று ஒரு எரர். எடை போட்டு பில் அடிக்கும் பழைய புரோகிராமில் ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறி. யாரோ சொல்லி விண்டோஸில் 'யூடிஎஃப்-8' என்ற ஒரு டிக்கைப் போட்டீர்கள். ஸ்கிரிப்ட் ஓட ஆரம்பித்தது. ஆனால் பில் புரோகிராமில் பல வருடமாக ஒழுங்காக இருந்த பழைய தமிழ்ப் பெயர்கள் கெட்டுப்போயின. தேதிகளும் குழம்புகின்றன. எல்லாவற்றையும் ஃபார்மட் செய்து முதலிலிருந்து ஆரம்பிக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

ஃபார்மட் செய்யாதீர்கள். உங்கள் லேப்டாப்பில் பழுது எதுவும் இல்லை. நீங்கள் சொன்னது ஒரே நோய் மாதிரி தெரிந்தாலும், ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே செட்டிங்கைத் தேடியதுதான் இவ்வளவு குழப்பத்துக்கும் காரணம்.

அதற்கு முன் ஒரு வேலை. இப்போது கையில் இருக்கிற எல்லா ஃபைல்களையும், கெட்டுப்போனதாகத் தெரிகிறவற்றையும் சேர்த்து, ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து, அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். கெட்டுத் தெரியும் ஃபைலை எந்தக் காரணத்துக்காகவும் 'சேவ்' செய்யாதீர்கள். திறந்து பார்த்தால் ஒன்றும் ஆகாது. சேவ் செய்தால்தான் ஆபத்து. பல வருடங்களுக்கு முன் ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் நானே இந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். 400-க்கும் மேற்பட்ட பெயர்கள். திரையில் தமிழ் நன்றாகத்தான் தெரிந்தது. சாதாரண சிஎஸ்வியாகச் சேவ் செய்தேன். எக்ஸெல் ஒரு எச்சரிக்கை காட்டியது, 'யெஸ்' அழுத்திவிட்டேன். மறுநாள் திறந்தபோது 400 வரியிலும் கேள்விக்குறி. இரண்டு இரவு உட்கார்ந்து கையெழுத்துப் பதிவேட்டைப் பார்த்து மறுபடி தட்டினேன். பதிவேடு மட்டும் மழையில் நனைந்து போயிருந்தால் அந்தப் பெயர்களை மீட்டிருக்கவே முடியாது.

அந்த அனுபவத்திலிருந்து நான் முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: எழுத்து எந்த மாதிரி கெட்டிருக்கிறது? அதை வைத்தே, எழுத்து உள்ளே உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பயமே வேண்டாம். எழுத்து பத்திரமாக இருக்கிறது. அதை வரைவதற்கான ஃபாண்ட் மட்டும் இல்லை. விண்டோஸ் 8-லிருந்து நிர்மலா யூஐ என்ற ஃபாண்ட் கூடவே வருவதால் தமிழ் பொதுவாகத் தெரியும். ஆனால் விண்டோஸ் 10-ல் பழைய லதா ஃபாண்ட் தனியாகச் சேர்க்க வேண்டிய ஒன்றாகிவிட்டது. லதாவையே கேட்கும் பழைய படிவங்கள் இருந்தால், செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பகுதிக்குப் போய்த் தமிழ்க் கூடுதல் ஃபாண்ட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கறுப்பு கமாண்ட் ஜன்னலில் தமிழ் கட்டமாகத் தெரிவதும் இதே வகைதான். அதைப் பார்த்து ஃபைல் கெட்டுவிட்டதாக முடிவுகட்டக் கூடாது.

கிறுக்கல் தெரிந்தால், அதாவது தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன 'ஏ', அடுத்து வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட வணிக முத்திரை, அப்புறம் ஏதோ ஒன்று, மறுபடியும் அதே 'ஏ', அதே முத்திரை என்று வந்தால், அதுவும் நல்ல செய்திதான். எழுத்து முழுசாக இருக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணை ஒன்று உண்டு; படிக்கிற புரோகிராம் தப்பான அட்டவணையை வைத்துப் படிக்கிறது, அவ்வளவுதான்.

கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால் கொஞ்சம் கவனம் தேவை. வந்த பைட்டுகளை, அதாவது ஃபைலுக்குள் 0 முதல் 255 வரை இருக்கும் எண்களை, புரோகிராமால் படிக்க முடியவில்லை என்று அர்த்தம். மூல ஃபைல் தொடப்படாமல் இருந்தால் மீட்கலாம்.

வெறும் கேள்விக்குறி, அதுவும் எழுத்துக்கு ஒன்றாக வரிசையாக வந்தால், அங்கே எழுத்து போய்விட்டது. எழுத வேண்டிய இடத்தில் தமிழுக்கு இடம் இல்லாததால், ஒவ்வொரு எழுத்தையும் எடுத்துவிட்டு உண்மையிலேயே ஒரு கேள்விக்குறியை வைத்திருக்கிறது. எந்தக் கன்வெர்ட்டரும் அதைத் திருப்பித் தராது. மூலப் பட்டியலுக்குத்தான் போக வேண்டும். உங்கள் விஷயத்தில் மூலம் கூகுள் ஷீட்டில் பத்திரமாக இருக்கிறது, அது பெரிய நிம்மதி.

இனி ஒவ்வொன்றாக. பைத்தான் எரரிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே அதில் விளங்கிவிடும்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக எண் கொடுத்த முறை யூனிகோட்; அந்த எண்ணைப் பைட்டுகளாக எழுதும் ஒரு வழி யூடிஎஃப்-8. யூனிகோட் தமிழ் எழுத்தோ குறியோ ஒன்றை யூடிஎஃப்-8 முறையில் எழுதினால் 3 பைட் ஆகும். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. உயிரெழுத்துகள், க முதல் ஹ வரையிலான எழுத்துகள், துணைக்கால், இகரக் குறி எல்லாம் 174-ல் வரும். ஈகாரக் குறி, உகரக் குறி, கொம்புகள், புள்ளி எல்லாம் 175-ல் வரும். மூன்றாவது பைட்தான் எழுத்துக்கு எழுத்து மாறும். இப்போது இதே பைட்டுகளை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான 1252 என்ற பழைய அட்டவணையை வைத்துப் படித்தால் என்ன ஆகும்? அந்த அட்டவணையில் 224 என்றால் சாய்கோடு போட்ட 'ஏ'. 174 என்றால் வட்டத்துக்குள் 'ஆர்'. 175 என்றால் ஒரு மேல்கோடு. எக்ஸெல்லில் நீங்கள் பார்த்த கிறுக்கல் இதுதான். ஒவ்வொரு தமிழ் எழுத்தும் மூன்று துண்டாக உடைந்து தெரிகிறது.

சரி, கிறுக்கலாகத் தெரிவது ஏன், எரர் வந்து நிற்பது ஏன்? அந்த 1252 அட்டவணையில் ஐந்து இடங்கள் காலி: 129, 141, 143, 144, 157. எக்ஸெல் மாதிரி புரோகிராம்கள் அந்தக் காலி இடத்தைக் கண்ணுக்குத் தெரியாத குறியாக ஏற்றுக்கொண்டு தாண்டிவிடும். பைத்தான் கறாரானது. அட்டவணையில் இல்லாத எண் வந்தால் அங்கேயே நிற்கும். உங்கள் எரரில் '8டி' என்று ஒரு பைட்டைச் சொல்கிறதே, அது 16-அடிமானத்தில் எழுதிய 141. தமிழில் 141-ல் முடிவது எது தெரியுமா? மெய்யெழுத்தின் புள்ளி. உகரக் குறி 129-ல் முடிகிறது. ஏ 143, ஐ 144.

அதனால்தான் இந்த எரர் பார்ப்பதற்குக் கண்ணாமூச்சி மாதிரி இருக்கிறது. 'உதகை' என்ற சொல்லில் புள்ளியும் இல்லை, உகரக் குறியும் இல்லை. சொல்லின் தலையில் இருக்கும் உ உயிரெழுத்து, அதற்கு எண் வேறு. ஆகவே உதகை என்று மட்டும் இருக்கும் ஃபைல் எரர் இல்லாமல் போய்விடும், உள்ளே கிறுக்கலாக மாறியிருந்தாலும். 'குன்னூர்' வந்தவுடன் முதல் எழுத்திலேயே நிற்கும். கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், குந்தா எல்லாவற்றிலும் புள்ளி உண்டு, எல்லாம் நிற்கும். உதகையையே உதகமண்டலம் என்று முழுசாக எழுதினாலும் நிற்கும். பெயர்களிலும் இதே கதை: மாதி, கமலா தாண்டிவிடுவார்கள், போஜன் வந்ததும் நின்றுவிடும். 'ஐந்து பெயர் வைத்துச் சோதித்தேன், நன்றாக ஓடியது, முழுப் பட்டியலில்தான் வருகிறது' என்று நீங்கள் எழுதியிருந்ததற்கு இதுதான் விளக்கம். ஃபைல் பெரிதாக இருப்பது காரணமே அல்ல.

மருந்து ஒரே வரி. ஸ்கிரிப்ட்டில் ஃபைலைத் திறக்கும் இடத்தில், என்கோடிங் (எழுத்தைப் பைட்டாக்கும் முறை) யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். படிக்கும் இடத்திலும் எழுதுங்கள், விடையை எழுதும் இடத்திலும் எழுதுங்கள். அதை எழுதாவிட்டால் விண்டோஸில் பைத்தான் சிஸ்டத்தின் பழைய அட்டவணையை எடுத்துக்கொள்ளும். நம் ஊர்க் கம்ப்யூட்டர்களில் அது பெரும்பாலும் 1252. ஸ்கிரிப்ட்டைத் தொடப் பயமாக இருந்தால், 'பைத்தான்யூடிஎஃப்8' என்ற என்விரான்மென்ட் வேரியபிளை (புரோகிராம்கள் பார்த்துக்கொள்ள விண்டோஸில் எழுதிவைக்கும் செட்டிங்) உருவாக்கி மதிப்பை 1 என்று வையுங்கள், 3.7-லிருந்து எல்லாப் பதிப்பிலும் வேலை செய்யும். 3.15 பதிப்பிலிருந்து யூடிஎஃப்-8-ஐ இயல்பாக வைப்பது என்று பைத்தான்காரர்கள் முடிவெடுத்திருக்கிறார்கள். அதுவரை நாம்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு தப்பான வைத்தியம் அடிக்கடி சொல்வார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள். ஒன்று, படிக்க முடியாத பைட்டை 'இக்னோர்' செய்யச் சொல்வது. எரர் போய்விடும், கூடவே புள்ளியும் உகரமும் போய்விடும். மற்றொன்று, 'லத்தீன்-1' என்ற இன்னொரு பழைய அட்டவணையைப் போடச் சொல்வது. எரரே வராது, ஆனால் கிறுக்கலை அப்படியே எடுத்துக்கொண்டு போய் மாதக் கணக்கில் எழுதிவிடும். எரர் வந்து நின்ற ஸ்கிரிப்ட் உங்கள் பெயர்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அதன் வாயை அடைக்கக் கூடாது.

ஏற்கெனவே கிறுக்கலாகவே சேவ் ஆகிவிட்ட ஃபைல் கையில் இருந்தால், பைத்தானில் எஃப்டிஎஃப்ஒய் என்று ஒரு நூலகம் இருக்கிறது. இந்த மாதிரி உடைந்ததை ஒட்டவைப்பதற்கென்றே எழுதியது, காலி இடங்கள் ஐந்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்தக் கிறுக்கலை மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ ஒட்டி அனுப்பியிருந்தால், கண்ணுக்குத் தெரியாத குறிகள் வழியில் உதிர்ந்திருக்கலாம். அப்போது திரும்பக் கிடைப்பது புள்ளியும் உகரமும் இல்லாத தமிழ். ஓலைச்சுவடிகளில் புள்ளி வைக்காமல் எழுதியதை இடம் பார்த்துப் படித்தார்களே, அதைப்போல ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் தெரிந்த ஒருவர் உட்கார்ந்துதான் சரிசெய்ய வேண்டும். அந்த வேலைக்கு உங்களைவிடத் தகுந்தவர் யாரும் இல்லை.

எக்ஸெல் விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். கூகுள் ஷீட் தரும் சிஎஸ்வி யூடிஎஃப்-8 தான், ஆனால் 'இது யூடிஎஃப்-8' என்று சொல்லும் 3 பைட் அடையாளம் ஃபைலின் தலையில் இருக்காது. பாம் என்று சொல்வார்கள் அந்த அடையாளத்தை. அது இல்லாத சிஎஸ்வியை இரட்டை க்ளிக்கில் திறந்தால் எக்ஸெல் பழைய அட்டவணையைத்தான் எடுக்கும். ஆகவே க்ளிக் செய்து திறக்காதீர்கள். காலி ஷீட்டைத் திறந்து, 'டேட்டா' மெனுவில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' போய், 'ஃபைல் ஆரிஜின்' என்ற இடத்தில் 65001 யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். இன்னும் சுலபம், கூகுள் ஷீட்டிலிருந்து சிஎஸ்விக்குப் பதிலாக எக்ஸெல்லின் சொந்த வடிவமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகவே இறக்குங்கள். சேவ் செய்யும்போது 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள், வெறும் 'சிஎஸ்வி' என்பதை அல்ல; என் 400 பெயர்களைத் தின்றது அந்த வெறும் சிஎஸ்விதான். ஒரே ஒரு பின்விளைவு: எக்ஸெல் பாம் வைத்துச் சேவ் செய்யும், அப்போது பைத்தானில் முதல் பத்தியின் தலைப்பு மட்டும் 'கிடைக்கவில்லை' என்று எரர் வரும். என்கோடிங்கை 'யூடிஎஃப்-8-சிக்' என்று மாற்றினால் சரியாகிவிடும். லிப்ரேஆபிஸ் இந்த விஷயத்தில் நல்லது, சிஎஸ்வியைத் திறக்கும்போதே எந்த என்கோடிங் என்று கேட்டுவிடும்.

இப்போது பில் புரோகிராம். இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன்.

விண்டோஸில் மொழி என்ற பெயரில் மூன்று தனித்தனி செட்டிங்குகள் இருக்கின்றன. மெனுக்கள் எந்த மொழியில் தெரிய வேண்டும் என்பது ஒன்று. தேதி, நேரம், எண் எந்த வடிவில் எழுத வேண்டும் என்பது இன்னொன்று, அதற்கு 'ரீஜன்' என்று பெயர். யூனிகோட் தெரியாத பழைய புரோகிராம்கள் எந்த அட்டவணையைப் பயன்படுத்த வேண்டும் என்பது மூன்றாவது, அதுதான் 'சிஸ்டம் லோகேல்'. தமிழ் கீபோர்டைச் சேர்ப்பது இந்த மூன்றையும் தொடாது. அதை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம், எடுக்கலாம்.

பழைய புரோகிராமில் யூனிகோட் பெயரை ஒட்டினால் கேள்விக்குறி ஏன் வருகிறது? அந்தப் புரோகிராமுக்கு ஓர் எழுத்துக்கு ஒரு பைட்தான் தெரியும், மொத்தம் 256 இடம். ரஷ்ய மொழிக்கு, கிரேக்கத்துக்கு, அரபிக்கு எல்லாம் விண்டோஸில் அந்த மாதிரி பழைய அட்டவணை உண்டு. தமிழுக்கு அப்படி ஒன்று கிடையாது. விண்டோஸில் தமிழ் வந்ததே யூனிகோட் வழியாகத்தான். அதனால் லோகேலை எந்த மொழிக்கு மாற்றினாலும், அந்தப் புரோகிராமில் யூனிகோட் தமிழ் உட்காராது.

அப்படியானால் பழைய பெயர்கள் எப்படித் தெரிந்தன? அவை யூனிகோட் அல்ல. ஃபாண்டை வைத்து எழுதிய தமிழ். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் ஐரோப்பியக் குறிகளும்தான். அவற்றின் மேல் தமிழ் உருவம் வரைந்த ஃபாண்டைப் போர்த்தியிருக்கிறார்கள். பாமினி என்ற ஃபாண்டில் 'தமிழ்' என்று தெரிவதன் அடியில் உண்மையில் இருப்பது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. ஃபாண்டை மாற்றிப் பாருங்கள், அந்த ஐந்தும் வெளியே வந்துவிடும். கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் தாயகம் திரும்பிய குடும்பங்கள் நிறைய இருப்பதால், இலங்கையிலிருந்து வரும் பாமினி ஃபைல்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். நம் அலுவலகங்களில் அதைவிட டாம், டாப் வகை ஃபாண்ட்கள் அதிகம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு தரமாக ஏற்றவை அவை. 2010-ல்தான் அரசு யூனிகோடுக்கு மாறுவதாக ஆணையிட்டது. உங்கள் பில் புரோகிராம் இதற்கு இடைப்பட்ட காலத்தில் எழுதியதாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பாமினி பெரும்பாலும் கீபோர்டில் இருக்கும் சாதாரண எழுத்துகளையே வைத்து எழுதியது. அவை 128-க்குக் கீழ், எந்த அட்டவணையிலும் மாறாதவை. டாம், டாப் அப்படி அல்ல. 128-க்கு மேலுள்ள இடங்களில் தமிழை வைத்தவை. அங்கே என்ன எழுத்து என்பதைச் சிஸ்டம் லோகேல்தான் தீர்மானிக்கும். நீங்கள் போட்ட டிக், அந்த லோகேல் அட்டவணையையே யூடிஎஃப்-8 ஆக மாற்றிவிடுகிறது. யூடிஎஃப்-8-ல் 128-க்கு மேல் உள்ள பைட் தனியாக நிற்க முடியாது, கூட்டமாக ஒரு ஒழுங்கில்தான் வர வேண்டும். டாம் பைட்டுகள் அந்த ஒழுங்கில் இல்லை. அதனால்தான் பழைய பெயர்கள் உடைந்தன. பைத்தானுக்கு எது மருந்தாக இருந்ததோ, அது பில் புரோகிராமுக்கு விஷமாகிவிட்டது.

இப்போது செய்ய வேண்டியது: கன்ட்ரோல் பேனல், ரீஜன், 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்' டேப், 'சேஞ்ச் சிஸ்டம் லோகேல்' என்று போய், 'பீட்டா' என்று ஆரம்பிக்கும் அந்த யூடிஎஃப்-8 டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். பில் புரோகிராமில் பழைய பெயர்கள் திரும்ப வந்துவிடும், ஒரு விதிவிலக்கோடு: டிக் இருந்த நாட்களில் யாருடைய பதிவையாவது திறந்து திருத்திச் சேவ் செய்திருந்தால், அந்தப் பெயர் உண்மையிலேயே கெட்டிருக்கலாம். அந்த நாட்களின் ரசீது நகல்களை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இன்றைக்கே செய்யுங்கள், நாளாக நாளாக எந்தப் பதிவைத் தொட்டோம் என்பது மறந்துவிடும்.

புதிய பெயர்களை அந்தப் புரோகிராமில் ஏற்ற, யூனிகோடிலிருந்து அதன் ஃபாண்டுக்கு மாற்றி ஒட்ட வேண்டும். என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற இலவச மென்பொருள் இதற்கு உதவும். எந்த ஃபாண்ட் என்று தெரியாவிட்டால், ஒரு பழைய பெயரைக் காப்பி செய்து கன்வெர்ட்டரில் ஒட்டி, பாமினி, டாம், டாப், திஸ்கி என்று ஒவ்வொன்றாக வைத்து யூனிகோடுக்கு மாற்றிப் பாருங்கள். எதில் பெயர் சரியாக வருகிறதோ அதுதான். பெயர்ப் பத்தியை மட்டும் மாற்றுங்கள். முழு ஷீட்டையும் மாற்றினால் வங்கிக் குறியீட்டில் இருக்கும் ஆங்கில எழுத்தும் தமிழாகிவிடும், பணம் போகாது.

இது தற்காலிக ஏற்பாடு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் புரோகிராமை எழுதியவர் கிடைத்தால் யூனிகோடுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், கிடைக்காவிட்டால் அடுத்த கணக்கு ஆண்டுக்குள் வேறு புரோகிராமுக்குப் போய்விடுங்கள். நம் மலையில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பந்தலூர்ப் பட்டியலில் மலையாளப் பெயரும், மசினகுடிப் பக்கம் கன்னடப் பெயரும் ஒரே பத்தியில் வரும். ஃபாண்டுத் தமிழில் அது நடக்காது. யூனிகோடில் மூன்றும் ஒரே ஃபைலில் சண்டையில்லாமல் இருக்கும்.

புதிய புரோகிராம் எடுக்கும்போது பெயருக்கு எவ்வளவு நீளம் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். '20' என்று சொன்னால், 20 எழுத்தா, 20 பைட்டா என்று கேளுங்கள். கோத்தகிரி என்ற ஒரு சொல்லில் யூனிகோட் கணக்குப்படி 9 குறிகள், 27 பைட். பைட் கணக்கு என்றால் ஊர்ப் பெயரே முழுசாக நுழையாது. எஸ்எம்எஸ்ஸிலும் இதே மாதிரி ஒன்று உண்டு: ஆங்கிலத்தில் 160 எழுத்து போகிற இடத்தில் தமிழில் 70 குறிதான். எடையும் விலையும் விவசாயிக்குத் தமிழில் அனுப்ப நினைத்தால் வாசகத்தைச் சுருக்கமாக எழுதுங்கள், இல்லாவிட்டால் ஒரு செய்திக்கு இரண்டு செய்திக் காசு ஆகும்.

தேதி விஷயம் எழுத்தோடு சம்பந்தம் இல்லாதது, ஆனால் பணத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. புது லேப்டாப்பில் ரீஜன் 'இங்கிலீஷ் (யுனைடெட் ஸ்டேட்ஸ்)' என்று இருக்கும், பாருங்கள். அங்கே மாதம் முன்னால், தேதி பின்னால். 05-03 என்று நீங்கள் எழுதிய மார்ச் 5-ஐ அது மே 3 என்று எடுத்துக்கொள்ளும், எந்த எரரும் காட்டாது. 13-ஆம் தேதியிலிருந்துதான், 13-ஆவது மாதம் இல்லாததால், எரர் வரும் அல்லது தேதி வெறும் எழுத்தாக நின்றுவிடும். எரர் வரும் வரிகளை மட்டும் திருத்திவிட்டு விடக் கூடாது. எரர் வராமல் போன முதல் 12 நாள்தான் தப்பான மாதத்தில் போய் உட்கார்ந்திருக்கும். ரீஜனை 'இங்கிலீஷ் (இந்தியா)' என்று மாற்றி, மூல ஃபைலை மறுபடி ஏற்றுங்கள். ரீஜனைத் தமிழுக்கே மாற்றலாமே என்று தோன்றும். எனக்கும் ஆசைதான். ஆனால் ஏஎம், பிஎம் இருந்த இடத்தில் தமிழ்ச் சொல் வந்து, பழைய புரோகிராம்கள் நேரத்தைப் படிக்க முடியாமல் விழும். மெனு தமிழில் வேண்டும் என்றால் டிஸ்ப்ளே மொழியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பில் விண்டோஸ் அக்கவுண்டைத் தமிழ்ப் பெயரில் திறந்திருந்தால், சில பழைய இன்ஸ்டாலர்கள் அந்தத் தமிழ் ஃபோல்டருக்குள் போக முடியாமல் நிற்கும். பெயரை மட்டும் மாற்றினால் ஃபோல்டர் மாறாது. ஆங்கிலப் பெயரில் புது அக்கவுண்ட் ஒன்று திறந்து அதில் வேலை செய்யுங்கள்.

கடைசியாக, இனிமேல் வரப்போகும் ஒரு சிக்கலையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எல்லாம் சரியாகத் தெரியும், ஆனால் 'கோத்தகிரி' என்று தேடினால் பாதிப் பேர்தான் வருவார்கள். 'கோ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: க-வோடு ஓகாரக் குறி ஒன்றாக, அல்லது க-வோடு இரட்டைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் அச்சாக ஒன்றே, கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு. இரண்டு பேர் இரண்டு கீபோர்டில் தட்டிய பட்டியலைச் சேர்த்தால் இது நிச்சயம் வரும். பைத்தானில் 'யூனிகோட் டேட்டா' என்ற பகுதியில் 'என்எஃப்சி' என்ற முறையில் எல்லாப் பெயர்களையும் ஒருமுறை ஓட்டிவிட்டால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும்.

ஐந்து வரியில் ஒரு சோதனை ஃபைல் செய்து வைத்துக்கொள்ளுங்கள்: குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், ஏழுமலை, ஐயப்பன். புள்ளி, உகரம், ஏ, ஐ, ஒகரம், ஓகாரம் என்று இடறி விழ வாய்ப்புள்ள எல்லாம் அந்த ஐந்துக்குள் வந்துவிடும். எந்த செட்டிங்கை மாற்றினாலும், எந்தப் புரோகிராமைப் புதிதாகப் போட்டாலும், கூகுள் ஷீட், எக்ஸெல், ஸ்கிரிப்ட், பில் என்று முதலில் அந்த ஐந்தை ஓட்டிப் பாருங்கள். ரசீதில் ஐந்தும் ஒழுங்காக அச்சான பிறகு முழுப் பட்டியலை ஏற்றுங்கள்.